மிஞ்சிய மார்ஃபினைத் திருப்பிக் கொடுக்கப் பட்ட பாடு

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மிஞ்சியிருந்த மார்ஃபின் மாத்திரைகளையும் தோலில் ஒட்டும் ஃபென்டானில் பேட்ச்களில் பிரிக்காத இரண்டையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி மருத்துவமனைக்குப் போனேன். இரண்டுமே கடும் வலிக்குத் தரும், போதை வகையைச் சேர்ந்த மருந்துகள். வாங்கும்போது எவ்வளவு கெடுபிடி! மருந்துச்சீட்டு, அடையாள அட்டை, பதிவேட்டில் கையெழுத்து. பழைய பேட்சை ஒப்படைத்தால்தான் புதியது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால்தான் கேட்பாரில்லை.

கவுன்டரில் இருந்தவர் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "விற்ற மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை." பணம் வேண்டாம், ஒப்படைக்கத்தான் வந்தேன் என்றேன். "அப்படியானால் குப்பையில் போட்டுவிடுங்கள்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. 72 மணி நேரம் ஒட்டியிருந்த பேட்சிலேயே குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும் அளவு மருந்து மிச்சமிருக்கும் என்று எச்சரித்ததும் இதே மருத்துவமனைதான்!

கடலூர் திரும்பும் வழியில் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். நல்லவேளை, மருந்துச்சீட்டு கையில் இருந்தது. வீட்டுக்கு வந்தால் சித்தப்பா, "மூட்டுவலிக்கு நாலு மாத்திரை கொடேன்" என்கிறார். இப்படித்தான் வெளியே கசிகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மார்ஃபின், ஃபென்டானில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே விதி வந்து, வலியில் துடிப்பவர்களுக்கு வழி கொஞ்சம் திறந்திருக்கிறது. நம் வீட்டு மாத்திரை தவறான கைக்குப் போய் வம்பானால், கெடுபிடி கூடி அவதிப்படுவது அடுத்த நோயாளிதான். பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மறுமுறை நேராக வலி நிவாரணப் பிரிவுக்கே போனேன். "முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே தம்பி" என்றார் செவிலியர். எவர்சில்வர் தட்டில் அட்டைகளைப் பரப்பி, ஒவ்வொரு குழியாக விரலால் தொட்டு எண்ணினார். இன்னொரு செவிலியரைக் கூப்பிட்டு மறுபடி எண்ணச் சொன்னார். பதிவேட்டில் அம்மாவுக்கான பக்கத்தில் வரவு, செலவு, மிச்சம் மூன்றும் பொருந்திய பிறகே கையெழுத்து. ரசீது கேட்டதும் மட்டும் "வழக்கமில்லை" என்றார்கள். விடவில்லை, முத்திரையோடு வாங்கினேன்.

போகிறவர்கள் மருந்துச்சீட்டு, நோயாளியின் புத்தகம், இறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெளிநோயாளிகள் பார்க்கும் நாளா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பயன்படுத்திய பேட்ச் இருந்தால் பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கவுன்டரில் கேட்டு நிற்காதீர்கள். மிஞ்சிய மருந்தை எங்கே ஒப்படைப்பது என்று அங்கேயே எழுதி ஒட்டும்படி கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன்.