இருபத்தெட்டு தடவை

நடைபாதை போடும் வேலையில் சேர்ந்த புதிதில் நான் நடைபாதையில் நடந்ததே கிடையாது. பைக்கில் சைட்டுக்குப் போவேன். வண்டியை ஓரமாக, அதாவது நடைபாதை மேலேயே ஏற்றி நிறுத்துவேன். டேப்பை இழுத்து அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பில் சதுர மீட்டர் கணக்கில்தான். இன்றைக்கு எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ் ஒட்டினோம் என்பதைத் தாண்டி எனக்கு வேறு கவலை இருந்ததில்லை.

சென்னையில் நடைபாதைகளுக்குக் கொஞ்சம் நல்ல காலம் பிறந்திருந்த சமயம் அது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் என்று மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையே கொண்டுவந்திருந்தது. பாண்டி பஜாரில் அகலமான நடைபாதைகளை 2019 நவம்பரில் திறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. எங்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட பேர்பெற்ற சாலை இல்லை. குடியிருப்புக்குள் ஓடும் முந்நூறு மீட்டர் தெரு, அவ்வளவுதான்.

அங்கே பழைய நடைபாதை தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரம். அடியில் மழைநீர் வடிகால் போகிறது, அதை மூடிய கான்கிரீட் பலகைதான் மேலே நடைபாதை. வடிகால் சுவர் எவ்வளவு உயரமோ அதுவும் அவ்வளவு உயரம். நடக்கிறவரை நினைத்து யாரும் அந்த உயரத்தை முடிவு செய்யவில்லை, தண்ணீருக்காக அமைந்தது. போதாததற்கு ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நேராக, கார் உள்ளே போக நடைபாதையை வெட்டி இறக்கியிருந்தார்கள்.

தெருமுனையில் பூக்கட்டும் அம்மா ஒருவர் இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடு ரோட்டில் வருவார். "ஏம்மா, மேல ஏறி நடக்கக் கூடாதா, வண்டி வந்து இடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"முட்டி வலி தினமும் தம்பி. வண்டி என்னிக்கோ ஒருநாள்தானே."

அன்று மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு அந்த நடைபாதையில் கடைசிவரை நடந்து பார்த்தேன். பதினான்கு கேட். ஏற்றமும் இறக்கமுமாக இருபத்தெட்டு தடவை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, எனக்கே தொடை வலித்தது. வேலை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதி தெரியாமல் இல்லை. சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்ற கையேட்டில் பாதசாரி வசதிகளுக்கான எல்லாமே இருக்கிறது. நடைபாதை ஓரத்தில் பதிக்கும் கர்ப் கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, அதாவது அரை அடி. இடையில் கம்பமோ பெட்டியோ இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் நடக்க இடம் வேண்டும். வீட்டு வாசலில் நடைபாதை அதே மட்டத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், ஏறி இறங்க வேண்டியது கார்தான். படித்திருந்தேன். ஆனால் காலால் படிக்கவில்லை.

வடிகால் சுவரை உடைத்துத் தாழ்த்தலாம் என்று சொன்னதும் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் முதலில் வந்த கேள்வி, "டிராயிங்ல இல்லாததுக்கு யாரு காசு குடுப்பா?" திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கி வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதை விரித்தால் வேறு கட்டுரை ஆகிவிடும்.

வீட்டுக்காரர்களைச் சமாளித்ததுதான் சுவாரசியம். "கேட்டு முன்னாடி மேடு வச்சா என் கார் அடி தட்டும்" என்று ஒரு பெரியவர் மறித்துக்கொண்டு நின்றார். வாதம் செய்து பிரயோஜனம் இல்லை. எங்கள் மேஸ்திரி எதுவும் பேசாமல் செங்கலை அடுக்கி, மணல் மூட்டையைச் சரிவாகப் போட்டு, மேலே பலகை வைத்தார். "ஐயா, ஒரு தடவ ஏத்திப் பாருங்க." கார் ஏறியது. தட்டவில்லை. பெரியவர் பின்பக்கமாகவும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு, "சரி, போடுங்க" என்றார். மற்ற பதின்மூன்று வீட்டுக்கும் அவரே சாட்சி.

எல்லாம் சரியாகப் போகிறது என்ற தெம்பில் இருந்தபோதுதான் மஞ்சள் டைல்ஸில் சறுக்கினேன். பார்வையற்றவர்களுக்காக ஒட்டுகிற டைல்ஸ் அது. நீள வரிகள் இருந்தால் 'நேராகப் போ', புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. ஜப்பானில் 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தது, இன்று உலகமெல்லாம் இருக்கிறது. நாங்களும் நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் வரி டைல்ஸ் ஒட்டினோம். அழகாக இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, ரயிலில் பேனா, சீப்பு விற்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் அந்த வழியாக வந்தார். கோலால் கோட்டைத் தொட்டதும் முகத்தில் ஒரு மாற்றம். நடையில் வேகம் கூடியது. கோட்டை நம்பி விறுவிறுவென்று போனவர் நேராக மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸில் போய் முட்டினார். டைல்ஸை அந்தப் பெட்டியின் அடிவரைக்கும் கொண்டுபோய், சுற்றி வெட்டி, மறுபக்கம் தொடர்ந்திருந்தோம். ஓடிப்போய்ப் பிடித்தேன். நெற்றியைத் தடவிக்கொண்டே, "கோடு இல்லாதப்போ நானே தட்டித் தட்டி ஒதுங்கிப் போயிடுவேன் சார். நீங்க கூட்டிட்டு வந்து முட்ட விட்டுட்டீங்க" என்றார். கோபம்கூட இல்லை குரலில். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பெட்டியை நகர்த்த மின்வாரியத்துக்கு எழுதி, மதிப்பீடு வாங்கி, பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். ஆகவே கோட்டையே வளைத்தோம். திரும்பும் இடங்களில் புள்ளி டைல்ஸ், பெட்டியிலிருந்து தள்ளிப் புதுப்பாதை. ஒட்டியதைப் பெயர்த்த நஷ்டம் எங்கள் கணக்கில். முடிந்ததும் கண்ணைக் கட்டிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே கூட வந்தார், இரண்டு இடத்தில் கையைப் பிடிக்கவும் வேண்டியிருந்தது. அந்த இரண்டு இடத்தையும் மறுபடி பெயர்த்தோம்.

வேலை முடிந்தது. அரை அடி உயரம், ஒரே மட்டம், முந்நூறு மீட்டருக்கு ஒரு படிகூட இல்லை. ஒரு சித்திரை மாதக் காலையில், பத்தரை மணி இருக்கும், அந்தப் பக்கம் போனபோது பூக்கார அம்மா எதிரே வந்தார். புது நடைபாதையில் இல்லை. எதிர்ச்சாரியில், ரோட்டு ஓரமாக.

"என்னம்மா, இவ்வளவு பண்ணியும் கீழேயே நடக்கறீங்க?"

"நல்லாத்தான் கண்ணு இருக்கு. சாயங்காலம் அதுல தான் போறேன்." கூடையைக் கொஞ்சம் தூக்கி மேலே பார்த்தார். "இப்ப நெழல் இந்தப் பக்கம்தானே?"

எங்கள் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கம்பம், பெட்டி, மூடி, கேட் எல்லாம் குறித்திருந்தது. மரத்துக்கு ஒரு வட்டம்கூட இல்லை. அடியில் எந்த பைப் எங்கே போகிறது, புங்கங்கன்றுக்கு எங்கே குழி எடுக்கலாம் என்று மேஸ்திரியும் நானும் அன்று மாலை மறுபடி டேப்பை இழுத்தோம்.