22 பக்க காமிக்ஸ், 4 நிமிட அனிமேஷன்: சண்டைக் காட்சி வரை

நாங்களே வரைந்த 22 பக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைக் குறும்படமாக்கும் வேலை சண்டைக் காட்சி வரை வந்துவிட்டது. சொந்தக் கதாபாத்திரம் என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை. அடுத்தவர் காமிக்ஸ் என்றால் தழுவும் உரிமை அதன் உரிமையாளரிடம் இருக்கும். முதல் கோடு போடும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும்.

வரைவதற்கு கிரிட்டா, பின்னணிக்கும் கேமராவுக்கும் பிளெண்டர், குரல் பதிவுக்கு ஆடாசிட்டி, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. படம் 1920×1080, நொடிக்கு 24 ஃப்ரேம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இந்த மூன்றையும் எல்லா மென்பொருளிலும் முதலிலேயே ஒன்றாக வைத்துவிடுங்கள். ஒன்றில் 24, இன்னொன்றில் 25 என்று இருந்தால் 1 நிமிடக் காட்சியில் வாயசைவு 2 நொடிக்கும் மேல் விலகிவிடும்.

கட்டத்திலிருந்து ஷாட்

பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம் என்று வைத்தால் 22 பக்கத்தில் 110-க்கு மேல் வரும். 4 நிமிடம் என்பது 240 நொடி. ஷாட்டுக்குச் சராசரி 3 நொடி கொடுத்தால் 80 ஷாட்தான். ஆகவே மூன்றில் ஒரு பங்கு கட்டங்கள் போயே ஆக வேண்டும். முதலில் போக வேண்டியவை விவரணைப் பெட்டிகள். ‘அதே நேரம், நகரின் மறுபுறம்’ என்ற பெட்டி காகிதத்தில் தேவை; திரையில் பின்னணி மாறினாலே அது புரிந்துவிடும்.

இந்த வேலையில் மிகக் கடினமான இடம் வரைவது அல்ல, ஒரு கட்டத்துக்குள் அடைந்து கிடக்கும் நேரத்தைப் பிரித்தெடுப்பது. ஹீரோ குத்துகிறார், வில்லன் ஏற்கெனவே பின்னால் பறந்துகொண்டிருக்கிறார், ஹீரோவின் தலைக்கு மேல் 15 சொல்லில் ஒரு வசனம். படிக்கும்போது எதுவும் உறுத்தாது. ஆனால் அந்த ஒரே படத்தில் மூன்று வெவ்வேறு நேரங்கள் இருக்கின்றன. அதை அப்படியே அசைத்தால், 5 நொடி வசனம் பேசி முடியும்வரை வில்லன் அந்தரத்தில் தொங்க வேண்டியிருக்கும்.

நாங்கள் பிடித்த வழி இது. காமிக்ஸ் கட்டத்தை ஷாட்டின் தொடக்கமாக எடுப்பதில்லை, உச்ச நிலையாக எடுக்கிறோம். கை பின்னால் போய் உடல் முறுக்கிக்கொள்ள 6 முதல் 8 ஃப்ரேம். கை முன்னால் வர 2 ஃப்ரேம் மட்டும், அதில் ஒன்று இழுபட்ட மங்கல் படமாகவே இருக்கலாம். பிறகு கட்டத்தில் உள்ள அதே படம், 3 அல்லது 4 ஃப்ரேம் நிற்கும். அதன் பிறகே வில்லன் பறக்கிறார். வசனம் அவர் சுவரில் மோதிய பின். கையை முன்னே கொண்டுவர 6 ஃப்ரேம் எடுத்தால் குத்து தள்ளிவிடுவது போலாகிவிடும். பலம் தெரிவது வேகத்தில் மட்டும் அல்ல, அதற்கு முந்தைய முறுக்கிலும் பிந்தைய நிறுத்தத்திலும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெள்ளைப் பட்டையில் வாசகர் தானாகக் கற்பனை செய்துகொண்டது எதுவோ, அதுதான் நாம் வரைய வேண்டிய படம். அச்சிட்ட கட்டங்களை ஸ்கேன் செய்து கேமராவை மட்டும் நகர்த்தினால் ஸ்லைடு ஷோதான் மிஞ்சும்.

இன்னொரு பொறி, இடம் வலம். காமிக்ஸில் முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துவது வழக்கம், வசன பலூன்களை இடமிருந்து வலமாகப் படிப்பதால். அதனால் கட்டத்துக்குக் கட்டம் ஆட்கள் பக்கம் மாறிக்கொண்டே இருப்பார்கள். திரையில் அது வெட்டுக்கு வெட்டு இருவரும் இடம் தாவுவது போல் தெரியும். ஒவ்வொரு காட்சிக்கும் மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஒன்று போட்டு, இருவரையும் இணைக்கும் கோட்டின் ஒரே பக்கத்தில் எல்லாக் கேமராவையும் குறித்துக்கொண்டால் தீர்ந்தது. தேவைப்பட்ட படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். ஆனால் மார்புச் சின்னமும் தலை வகிடும் சேர்ந்தே திரும்பிவிடும். சின்னத்தைத் தனி லேயரில், அதாவது தனி அடுக்கில், வைப்பது இதற்காகத்தான்.

உயரமான கட்டங்களுக்கு ஒரு கணக்கு. 2 அங்குல அகலம், 5 அங்குல உயரம் உள்ள கட்டத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1200×3000 பிக்சல். மேலிருந்து கீழே கேமரா இறங்க உயரம் தாராளம். அகலமோ 1920-க்கு 720 குறைவு. பெரிதாக்கினால் மைக்கோடு தடித்துப் பக்கத்து ஷாட்டுடன் ஒட்டாது. இருபுறமும் பின்னணியை வரைந்து நீட்டுவதே சரி. அச்சான பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகளும் பிக்சல்களும் மோதி அலை அலையாக மொய்ரே தெரியும். மை போட்ட அசல் தாள் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

உடையைக் குறைத்தல்

இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்ற முறையில் நொடிக்கு 12 படம். 4 நிமிடத்துக்கு 2880. அசையாமல் நிற்கும் இடங்களும் வாய் மட்டும் அசையும் இடங்களும் இதைப் பெருமளவு குறைக்கும். அப்படியும் உடையில் உள்ள ஒவ்வொரு கோடும் நூற்றுக்கணக்கான முறை வரையப்படும். எனவே இடுப்புப் பட்டையில் இருந்த எட்டுப் பைகள் இரண்டாயின, தசைக் கோடுகள் போய் ஒரே நிழல் வடிவம் வந்தது, பூட்ஸ் தையல்கள் மறைந்தன. தூரத்திலிருந்து கருநிழலாகப் பார்த்தாலும் ஆளை அடையாளம் தெரிகிறதா என்பதே சோதனை. மேலங்கி தனி லேயர். தோள், நடு, நுனி என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 முதல் 4 ஃப்ரேம் தாமதமாக அசைந்தால் துணியின் எடை வந்துவிடும். மூன்றும் ஒன்றாக அசைந்தால் அது அட்டை.

பாத்திரம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறையும் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமும் நகர்ந்தால் நடக்கும் ஆள் தரையில் வழுக்கி நடுங்குவார். அத்தகைய ஷாட்டில் மட்டும் நடையையும் ஒவ்வொரு ஃப்ரேமும் வரைய வேண்டும், அல்லது கேமராவை நிறுத்திவிட வேண்டும். 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ இந்த இரண்டு வேகங்களின் வித்தியாசத்தையே கதை சொல்லும் கருவியாக்கியது, ஆனால் அது பெரிய குழுவின் கட்டுப்பாட்டில் நடந்த காரியம். சிறு குழு அதைப் பார்த்து ஆசைப்படலாம், முதல் படத்தில் வேண்டாம்.

புள்ளிகளும் மின்னல்களும்

காமிக்ஸ் வாசனைக்காக நிழலில் அச்சுப் புள்ளிகள் சேர்த்தோம். புள்ளிகளைத் திரையோடு பொருத்தினால் பாத்திரம் நகரும்போது, புள்ளி பதித்த கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது போலத் தெரியும். உடலோடு பொருத்தினால் ஆள் அருகில் வரும்போது புள்ளி ஊதும். நாங்கள் ஷாட் தொடங்கும் அளவில் உடலோடு பொருத்தி, கேமரா நெருங்கும் ஷாட்டுகளில் புள்ளியையே நீக்கிவிட்டோம். புள்ளிகளுக்கு இடையே 8 பிக்சலுக்குக் குறைந்தால் வீடியோ சுருக்கத்தில் எல்லாம் சேறாகிவிடும், அதிலும் சிவப்பும் நீலமும்தான் முதலில் கலங்கும்: வழக்கமான சுருக்கத்தில் நிறத் தகவல் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கப்படுகிறது.

மோதும் கணத்தில் 1 ஃப்ரேம் நிறம் தலைகீழான படம் வைப்பது நல்ல உத்தி. ஆனால் எந்த 1 நொடிக்குள்ளும் இப்படி மூன்று மின்னலுக்கு மேல் கூடாது; ஒளிக்கு வலிப்பு வருபவர்களுக்கு அது ஆபத்து. தொடர் குத்துகளில் முதலுக்கும் கடைசிக்கும் மட்டும் போதும்.

குரல், வாய்

குரல் முதலில், படம் பிறகு. அனிமேட்டிக்கில் (ஷாட்டுகளின் முன்வரைவுகளை நேரப்படி கோத்த மாதிரிப் படம்) தற்காலிகக் குரலையாவது வைக்காமல் ஒரு கீ போஸ் (அசைவின் முக்கிய நிலைப் படம்) கூட வரையக் கூடாது. ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவி ஒலிக்கோப்பைக் கேட்டு வாய் வடிவங்களைப் பட்டியலிடும்: அடிப்படை 6, கூடுதலாக 3. அதன் இயல்பான அமைப்பு ஆங்கிலத்துக்கானது. தமிழுக்கு ஃபோனெட்டிக் என்ற அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் கையால் திருத்த வேண்டியது ஒற்றெழுத்துகளை. ‘சாமான்’ என்பதில் உதடு 2 ஃப்ரேம் மூடினால் போதும். ‘அம்மா’, ‘தப்பு’ போன்ற சொற்களுக்கு 4 ஃப்ரேம் மூடியே இருக்க வேண்டும்; இல்லையென்றால் டப்பிங் படம் போலாகிவிடும். வாய் ஒலிக்கு 1 ஃப்ரேம் முந்தி இருந்தால் இயல்பு, பிந்தினால் உடனே கண்ணில் படும்.

இனி இருப்பது கடைசி 20 ஷாட், மழைக் காட்சி, பின்னணி இசை. ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது) எல்லாம் பிஎன்ஜி வரிசையாகவே, அதாவது ஃப்ரேமுக்கு ஒரு படக்கோப்பாகவே, போகிறது. 300-ஆவது ஃப்ரேமில் கணினி நின்றாலும் 301-இலிருந்து தொடரலாம், வீடியோ கோப்பாக எடுத்தால் முதலிலிருந்துதான்.