பத்திரம் கையில் இருந்தால் போதுமா?

அரசு ஒதுங்கினாலே சந்தை செழிக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனை வாங்கியவர்களைக் கேளுங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து எல்லாம் பார்த்த பிறகும் மனசு அடித்துக்கொள்ளும். காரணம், 1908 பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரம்தான். விற்றவர்தான் உண்மையான உரிமையாளர் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858லேயே டாரன்ஸ் முறை வந்துவிட்டது. பதிவேட்டில் உள்ள பெயருக்கு அரசே பொறுப்பு. பதிவேட்டுத் தவறால் நிலம் பறிபோனால் இழப்பீடும் உண்டு.

நம் நாட்டில் 1978இன் 44வது அரசியலமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே எடுத்துவிட்டது. மிஞ்சியிருப்பது, சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் 300ஏ பிரிவு. உரிமைக்கு உத்தரவாதம் இல்லாத இந்த நிலையில் அதிகம் அடிபடுவது வழக்கு நடத்த வசதியில்லாத சிறு விவசாயிதான். வரி, மானியம் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். உரிமைப் பதிவேட்டுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று எந்தக் கட்சியிடமாவது கேட்டிருக்கிறோமா?