தொண்ணூறு கிலோமீட்டர், சர்க்கரை இறங்கவில்லை

நீரிழிவுக்காக உடம்பில் இன்சுலின் பம்ப் மாட்டியிருக்கும் நான், ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்பினேன். போக வர 90 கிலோமீட்டர். வழியில் ஒருமுறைகூடச் சர்க்கரை 100-க்குக் கீழே இறங்கவில்லை. ஐந்தாவது முயற்சியில்தான் இது வாய்த்தது. வீட்டுக்கு வந்து, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரின் வரைகோட்டைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

முதல் மூன்று முறையும் ஒரே தவறு. பெடலில் கால் வைக்கும் நேரத்தில்தான் பேசலை, அதாவது பம்ப் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் அடிப்படை இன்சுலினை, குறைத்தேன். பம்பில் குறைத்தால் உடம்பிலும் அப்போதே குறைந்துவிடாது. தோலுக்கடியில் ஏற்கெனவே இறங்கிய இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். தொடைத் தசையோ ஓடத் தொடங்கியதும் தன் பங்குக்குச் சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்து முட்டுக்காடு பாலத்துக்கு முன்பே 64-இல் கொண்டுவந்து நிறுத்தின. "அண்ணா, கை நடுங்குகிறதே" என்று கூட வந்த தம்பிதான் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தான். நான்காவது முறை கோபத்தில் பம்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். போகும்போது அருமையாக இருந்தது. வீடு திரும்பியபோது சர்க்கரை 290; இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் 1.4. சொட்டுச் சொட்டாக வருகிற விரைவு இன்சுலின் நின்றுபோனால், உடம்பில் வேறு கையிருப்பு எதுவும் கிடையாது.

ஆக, புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே குறைத்தாக வேண்டும். 5.30-க்குக் கிளம்ப 4 மணிக்கு. என் பம்பில் தற்காலிக பேசலை அமைத்தால் அந்த நொடியே தொடங்கிவிடும். பிறகு தொடங்கு என்று சொல்லிவைக்க வழியில்லை. இரண்டு வாரம் 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி படுத்தேன். தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அப்புறம்தான் இரண்டாவது பேசல் அட்டவணை நினைவுக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாக அதைத் தொட்டதே இல்லை! வழக்கமாக விடியற்காலையில் மணிக்கு 0.8 யூனிட் போகும். புதிய அட்டவணையில் 4 மணி முதல் 9 மணி வரை 0.3, மற்ற நேரமெல்லாம் பழையபடி. சனிக்கிழமை இரவு படுக்கும் முன் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

9 மணி என்பதையும் யோசித்தே வைத்தேன். நான் வீடு சேர்வது 10.15. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பழைய அளவு திரும்பினால்தான், சைக்கிளை விட்டு இறங்கியதும் சர்க்கரை மேலே பாயாது. மழை வந்து பயணம் நின்றுபோனால் உடனே அட்டவணையை மாற்றிவிட வேண்டும். ஒருமுறை மறந்து, காலை உணவுக்கு முன்பே 240 பார்த்தேன்.

புறப்படும்போது 148. முட்டுக்காட்டில் 139. கோவளம் தாண்டி ஒரு வாழைப்பழம், பட்டிபுலத்தில் இன்னொன்று. மாமல்லபுரத்தில் 126, சென்சாரை மட்டும் நம்பாமல் விரலிலும் குத்திப் பார்த்தேன், ஓடும்போது சென்சார் பின்தங்கித்தான் காட்டும். மூன்று இட்லிக்கு வழக்கமான போலஸில் (சாப்பாட்டுக்கென்று போடும் இன்சுலினில்) பாதி. வீட்டில் 131. இவை என் மருத்துவரும் நானும் சேர்ந்து பிடித்த எண்கள்; உங்கள் உடம்புக்கு வேறாக இருக்கும்.

கடலை மிட்டாயைச் சர்க்கரை இறங்கும் நேரத்துக்கென்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள். கடலையின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அவசரத்துக்குக் குளுக்கோஸ் பொடியே சரி.

பம்பின் இன்சுலினைத் தோலுக்கடியில் இறக்கும் மெல்லிய குழாயான கேனுலா இந்த முறை வியர்வையில் கழன்று வரவில்லை. ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு குத்தி, மேலே விளையாட்டுக் கடையில் வாங்கிய துணிப் பட்டை ஒட்டினேன். இடுப்பு மடிப்பில் குத்தினால் குனியும்போது வளைந்துவிடுகிறது. தொப்புளுக்குப் பக்கவாட்டில் நான்கு விரல் தள்ளிக் குத்துவதே எனக்கு ஒத்துவருகிறது. மூன்று நாளுக்கொன்று என்றால் பத்து அடங்கிய பெட்டி ஒரு மாதம் வரும். ஆனால் நான் வாங்கும் விநியோகஸ்தர் இரண்டு வாரம் இழுக்கிறார். உயிர் வாழத் தேவையான பொருளுக்கு ஒவ்வொரு மாதமும் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

அடுத்து ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சுவாங்க ஏறும்போது அட்ரினலின் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் 0.3 அங்கே போதாது. மூன்றாவது அட்டவணை ஒன்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

அதற்கு முன்னால் இரவைச் சரிசெய்ய வேண்டும். அதே ஞாயிறு நள்ளிரவு 2 மணிக்குப் பம்ப் அலறியது. 66. பகலில் காலியான தசைகள் இரவில் சர்க்கரையை உள்ளே இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தன. வரும் ஞாயிறு படுக்கும்போது பேசலை 20 சதவீதம் குறைத்து ஆறு மணி நேரம் விடப் போகிறேன். குளுக்கோஸ் டப்பா கட்டிலருகே இருக்கும்.