ஒரு முடியின் குறுக்கே எத்தனை அணுக்கள்?

அணு எவ்வளவு சிறியது என்று யாராவது எழுத ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே தலைமுடி வந்துவிடும். முடியின் தடிமனில் இத்தனை லட்சத்தில் ஒரு பங்கு என்று சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. கணக்கு சரிதான், ஆனால் அதைக் கேட்டால் அணு அப்படி ஒன்றும் சிறியது இல்லை என்றே தோன்றும்.

போட்டுத்தான் பார்ப்போமே. முடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், சுமார் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). நடுவாக 80 என்று வைத்துக்கொள்வோம். முடி என்பது பெரும்பாலும் கெராட்டின் என்ற புரதம், அதில் கார்பன் நிறைய. கார்பன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ 0.15 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்). வகுத்தால், முடியின் குறுக்கே 5 லட்சம் அணுக்களுக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். அணு ஒவ்வொன்றும் கடுகளவு பெருத்துவிட்டால் முடியின் தடிமன் ஒரு கிலோமீட்டர் வரும். சரி, பெரிய எண்தான். ஆனால் 5 லட்சம் என்பது வங்கிக் கடனில் அடிக்கடி கேட்கிற எண், யாரும் அசந்து உட்காரப் போவதில்லை.

முடிக்குக் குறுக்களவு மட்டுமா இருக்கிறது? நீளமும் இருக்கிறது, அதுவும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தலைமுடி ஒரு நாளைக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளரும். இதை விநாடிக்கு மாற்றினால் 4 நானோமீட்டர், அதாவது ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட 25 கார்பன் அணு உயரம். இது சாதுவான எண்ணாகத் தெரிகிறது இல்லையா? இப்போது அந்த 4 நானோமீட்டர் துண்டின் கனஅளவை எடுத்து, புரதத்தின் அடர்த்தியை வைத்து, அவகாட்ரோ எண்ணையும் (12 கிராம் கார்பனில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை) சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2 லட்சம் கோடி அணுக்கள் வருகின்றன. ஒரே ஒரு முடியில், ஒரே விநாடியில். தலையில் இருக்கும் சுமார் ஒரு லட்சம் முடிக்கும் சேர்த்துப் பெருக்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன் (எனக்கு அந்தப் பெருக்கல் வருடாவருடம் எளிதாகிக்கொண்டே வருகிறது).

இவ்வளவு சிறியதைப் பார்க்க முடியுமா என்றால், சாதாரண மைக்ராஸ்கோப்பில் முடியாது. லென்ஸ் மட்டமானது என்பதால் இல்லை, வெளிச்சமே இதற்கு ரொம்பப் பருமன். பச்சை ஒளியின் ஒரு அலைநீளத்துக்குள் மூவாயிரம் அணுக்களுக்கு மேல் அடங்கிவிடும். அதனால் ஒளியை ஒதுக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 1955 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும் அவருடைய இந்திய மாணவர் கன்வர் பகதூரும், மிகக் கூர்மையான டங்ஸ்டன் ஊசியைக் குளிரவைத்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து, சுற்றிலும் கொஞ்சம் ஹீலியம் வாயுவை விட்டார்கள். ஊசி முனையில் துருத்திக்கொண்டிருக்கும் அணுவுக்குப் பக்கத்தில் வரும் ஹீலியம் ஒரு எலக்ட்ரானை இழந்து நேராகத் திரையை நோக்கிப் பறக்கும். திரையில் தெரிந்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு டங்ஸ்டன் அணு. பகதூரின் பெயரை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு. 1981-இல் வந்த, ஊசி முனையால் பரப்பைத் துழாவி அணுக்களைக் காட்டும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது எண்ணெய்க் கதை. லண்டனில் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு டீஸ்பூன் எண்ணெயை ஊற்றினார், அது கிட்டத்தட்ட அரை ஏக்கருக்குப் பரவி அலையையே அடக்கிவிட்டது. 1774-இல் அதை எழுதியும் வைத்தார். அரை ஏக்கர் என்றால் 50 சென்ட், சுமார் 2000 சதுர மீட்டர். 4 மில்லிலிட்டர் எண்ணெயை அதில் வகுத்தால் படலத்தின் தடிமன் 2 நானோமீட்டர், அது ஏறக்குறைய ஒரு எண்ணெய் மூலக்கூறின் நீளம்! மனிதர் அந்த ஒரு வகுத்தலை மட்டும் போடவில்லை. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து 1890-இல் ஆங்கில இயற்பியலாளர் லார்ட் ராலே எண்ணெய்ப் படலத்தை அளந்து கணக்குப் போட்டார். அதே காலத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில், பெண் என்பதால் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத ஆக்னஸ் பாக்கெல்ஸ், பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேல் படியும் அழுக்குப் படலத்தைப் பார்த்து யோசித்து, வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டி செய்து அளந்துகொண்டிருந்தார். அவர் கடிதம் எழுத, ராலே அதை 1891-இல் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார்.

இதை நீங்களும் செய்யலாம். 1 மிலி ஒலிக் அமிலத்தை (எண்ணெய்களில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம்) ஆல்கஹாலில் கலந்து 20 மிலி ஆக்குங்கள், அதிலிருந்து 1 மிலி எடுத்து மறுபடியும் 20 மிலி ஆக்குங்கள். அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, மேலே லைக்கோபோடியம் பொடியை (ஒரு செடியின் நுண்ணிய வித்துத்தூள்) மெல்லத் தூவி, நடுவில் ஒரு சொட்டு விடுங்கள். பொடி விலகி வட்டமாக இடம் விடும். ஆல்கஹால் போய்விடும், மிஞ்சுவது சொட்டில் 400-இல் ஒரு பங்கு அமிலம்தான். அதன் கனஅளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன், அதாவது ஏறக்குறைய ஒரு மூலக்கூறின் நீளம், வந்துவிடும். தட்டை மட்டும் பலமுறை அலசிவிடுங்கள், துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் காரியம் கெட்டுவிடும்.