வாஷிங்டன் இர்விங்: தேர்வுக்கு எதை ஊன்றிப் படிக்கலாம்?

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் அமெரிக்க இலக்கியத் தாளுக்கு, அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கை நான் படித்த விதம் இது. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் எழுதுபவர்களுக்கும் உதவலாம்.

வாழ்க்கைக் குறிப்பில் மனதில் ஏற்ற வேண்டியது கொஞ்சம்தான்: 1783இல் நியூயார்க்கில் பிறப்பு, சட்டப் படிப்பு, 1818இல் லிவர்பூலில் குடும்ப வியாபாரம் திவால், 1859இல் மறைவு. அந்தத் திவாலுக்குப் பிறகு எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். 1819–20இல் தவணைகளாக வந்தது ‘தி ஸ்கெட்ச் புக்’ என்ற கதை, கட்டுரைத் தொகுப்பு. சரி, இது போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் புனைபெயர்கள். ஸ்கெட்ச் புக்கின் ஆசிரியராக வருபவர் ஜெஃப்ரி கிரேயன். அதிலுள்ள ‘ரிப் வான் விங்கிள்’, ‘ஸ்லீப்பி ஹாலோ’ இரண்டும் டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்ற, இர்விங்கே கற்பனையாகப் படைத்த, மறைந்த பெரியவரின் காகிதங்களில் கிடைத்தவையாம். இந்த நிக்கர்பாக்கர் பெயரில்தான் 1809இல் நியூயார்க் வரலாறு ஒன்று வந்தது. புத்தகம் வருமுன், நிக்கர்பாக்கரைக் காணவில்லை என்று பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தவரும் இர்விங்தான். சரியான குறும்பு! நம்புவதா, சிரிப்பதா என்று வாசகரைத் திண்டாட வைக்கும் நடை இங்கிருந்துதான் வருகிறது. ஸ்லீப்பி ஹாலோவில் பள்ளி ஆசிரியர் இக்கபாட் கிரேனைத் துரத்தியது தலையில்லாக் குதிரைவீரனின் ஆவியா, காதலில் அவருக்குப் போட்டியாக இருந்த ப்ரோம் போன்ஸா என்று அவர் உடைத்துச் சொல்வதில்லை. சிதறிய பூசணிக்காயைக் காட்டுவதோடு சரி. பின்குறிப்பில் கதைசொல்லியே இதில் பாதியைத் தான் நம்பவில்லை என்கிறார். அதைப் படிக்காமல் விடாதீர்கள், நடை பற்றிய கட்டுரைக்கு அருமையான சான்று.

மலையில் தூங்கிப் பல ஆண்டு கழித்து விழிக்கும் ரிப் கதையின் கரு, பீட்டர் கிளாஸ் என்ற ஜெர்மன் ஆட்டிடையனின் நாட்டார் கதை. இர்விங் அதை நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலையடிவார டச்சு கிராமத்துக்குக் கொண்டுவந்து, 20 ஆண்டுத் தூக்கத்துக்குள் அமெரிக்கப் புரட்சியையே வைத்துவிட்டார். விழித்து வந்த ரிப், விடுதிப் பலகையில் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜின் சிவப்புக் கோட்டு நீலமாகி, செங்கோல் வாளாகி, கீழே ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறான். முகம் மட்டும் பழைய முகம்! கட்டுரையில் இந்தப் பலகையை எழுதினால், மூலத்தைப் படித்தவர் என்பது திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், பொருத்துக வகைக் கேள்விக்கு ‘டேல்ஸ் ஆஃப் எ டிராவலர்’ 1824, ‘தி அல்ஹாம்ப்ரா’ 1832. ‘தி டெவில் அண்ட் டாம் வாக்கர்’ கதை ‘டேல்ஸ் ஆஃப் எ டிராவலர்’ நூலில் வருவது. ஸ்கெட்ச் புக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.