எரியும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு, பார்வைக் குறையைச் சரிசெய்யும் லேசர் சிகிச்சையான லாசிக் செய்துகொண்டவர்களைத் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போய் அறுவை சிகிச்சை முடித்து, கண்ணாடியைத் தூக்கிப் போட்ட சந்தோஷம் முகத்தில் இருக்கும். கூடவே விடாமல் கண்ணைக் கசக்குவார்கள். "மணலா உறுத்துதுக்கா" என்பார்கள்.

லாசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் தூக்கிவிட்டுத்தான் லேசரைப் பாய்ச்சுகிறார்கள். அப்போது அங்குள்ள நுண்நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று மூளைக்குச் சொல்வதே அந்த நரம்புகள்தான். சேதி சரியாகப் போகாவிட்டால் கண்ணீர் சுரப்பதும் குறையும், இமைப்பதும் குறையும். பெரும்பாலோருக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தேறிவிடும். அதுவரை பதனப்பொருள் (மருந்து கெடாமல் காக்கச் சேர்ப்பது) கலக்காத செயற்கைக் கண்ணீர் போதும். சிலருக்கு மட்டும் கண்ணின் மேற்பரப்பில் அழற்சி பிடித்துக்கொள்கிறது. அவர்களுக்குத்தான் டாக்டர் சைக்ளோஸ்போரின் எழுதுகிறார். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கிற அதே மருந்து. 0.05% கண்சொட்டாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2002இல்.

இந்த மருந்தைக் கொடுக்கும்போது பெட்டியை நீட்டிப் பணம் வாங்குவதோடு என் வேலை முடிவதில்லை. செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒரு பெண்ணுக்காக அவள் அம்மா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி மகளைப் படிக்கவைத்தவர். "என்னம்மா, சொட்டு விட்டா எரியுதுன்னு அழுவுறா. ரெண்டு வாரமாச்சி, ஒன்னும் கேக்கல. வேற மாத்திக் குடும்மா" என்றார். சிவப்பு போக்கும் சொட்டு ஒன்றையும் கையில் எடுத்து வைத்திருந்தார். அது ரத்தக்குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். காய்ந்த கண்ணுக்கு இன்னும் கெடுதல். அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மகளையே வரச்சொன்னேன். மருந்து பால்மரத்துப் பால் நிறத்தில் இருக்கும். எண்ணெயும் நீரும் ஒன்றாகும்படி குப்பியை நாலைந்து முறை கவிழ்த்துத் திருப்பவேண்டும். காலையில் திறந்த குப்பியில் மிச்சம் வைத்து ராத்திரிக்கு விட்டாளாம், விலைக்குப் பயந்து. அவள் பயம் நியாயம்தான். ஆனால் பதனப்பொருள் இல்லாத மருந்தில் கிருமி சேர்ந்தால் அறுத்த கண்ணுக்கு ஆபத்து. செயற்கைக் கண்ணீரும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக விடாமல் 15 நிமிடம் இடைவெளி வேண்டும். அப்புறம் முக்கியமானது: முதல் வாரங்களில் எரியும், பலன் தெரிய 3 மாதமாவது ஆகும். இதை யாருமே அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்தில் ஏர்கோன் நேரே முகத்தில் அடிக்கிறது என்றாள். மேசையைத் திருப்பிப் போடச்சொன்னேன்.

எரிச்சலைச் சொல்லாமல் மருந்தைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். பாதியில் விட்டுவிடுவார்கள். 2015, 2019 போலப் புகைமூட்டம் வந்துவிட்டாலோ நல்ல கண்ணே தாங்காது.

லாசிக் செய்யப்போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் கண்ணீர்ச் சோதனை செய்யச் சொல்லுங்கள் என்கிறேன். கீழிமையில் ஒரு காகிதப் பட்டையை வைத்து 5 நிமிடம் பார்ப்பார்கள். ஏற்கெனவே காய்ந்த கண் என்று தெரிந்தால், அதற்கு வைத்தியம் பார்த்துவிட்டு அப்புறம் லேசருக்குப் போகலாம்.